பீர்க்கன்கரணைச் செடியைப் பார்த்துக்கொண்ட கதை

1

இந்தக் கதை ஒரே ஒரு வரியிலிருந்து வந்தது: "கடைசியாகக் காணப்பட்டது: பீர்க்கன்கரணை ஏரிக்கரை, 1988." தாவரவியல் படித்த நண்பர் ஒருவர் தாம்பரத்தில் ரயிலுக்குக் காத்திருந்தபோது ஒரு செடியைப் பற்றிச் சொன்னார். வேறு எங்காவது இருக்காதா என்று கேட்டேன். "வேற எங்கயாவது இருந்தா ஏன் சார் கடைசின்னு எழுதறோம்?" என்றார்.

எனக்குத் துளசி தெரியும், வில்வம் தெரியும். சாமிக்குப் பறிக்கிற செடிகளைத் தாண்டி நான் போனதில்லை. எனவே செடியைப் பற்றியதெல்லாம் நண்பர் சொன்னது, மனிதர்களெல்லாம் என் கற்பனை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஏரிக்கரையில் மாலை வெயில் பொன்னாக உருகி—"

வேண்டாம். சாகப்போகிற செடிக்கு நகை பூட்டக் கூடாது.

தை மாதம். கல்லூரியில் தாவரவியல் கற்பிக்கும் நாகலக்ஷ்மி ஏரிக்கரைச் சரிவில் மண்டியிட்டிருந்தாள். சிட்லபாக்கத்தில் அவள் வீடு. அந்த ஊர் ஏரி, பெரும்பாக்கத்து ஏரி என்று வருஷக்கணக்கில் தேடிய செடி இங்கே புல்லுக்கு நடுவே இருந்தது: சாண் உயரம், கத்தரிப்பூ நிறப் பூ, ஒரு கைப்பிடிச் செடிகள். தமிழில் அதற்குப் பெயர்கூட இல்லை.

கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பொன்னியம்மாள் கிட்டே வந்தாள்.

"இன்னாம்மா தொலைச்சிட்ட? தோடா?"

"தொலைக்கலை, கண்டுபிடிச்சிருக்கேன். இந்தச் செடி உலகத்துலயே வேற எங்கயும் இல்லை. இது போச்சுன்னா அவ்வளவுதான்."

"அடப்பாவமே. ஒத்தப் புள்ளையா?"

நாகலக்ஷ்மி சிரித்துவிட்டாள். "ஆமாம். காலேஜ்ல பரீட்சை முடிஞ்சதும் வரேன். அதுவரைக்கும் கொஞ்சம் பாத்துக்கோங்க."

"நீ போ டீச்சரம்மா. நான் பாத்துக்கிறேன்."

(இந்த இடத்தில் எனக்கு நிம்மதியாக இருந்தது. என் கதைகளில் இப்படி ஒருத்தி வந்துவிடுவாள். அவள் ஊற்றும் ஒரு சொம்புத் தண்ணீரில் யாராவது பிழைத்துக்கொள்வார்கள். அப்படித்தான் நம்பி எழுதிவருகிறேன்.)

3

சித்திரையில் நாகலக்ஷ்மி வந்தபோது தூரத்திலிருந்தே தெரிந்தது. சுற்றிலும் செங்கல் நட்டு, ஒவ்வொன்றிலும் மஞ்சள் குங்குமம். உள்ளே ஒரு புல் இல்லாமல் கொத்திப் பெருக்கிய மண். நடுவில் கறுத்த குச்சிகள்.

"பாத்தியா டீச்சரம்மா? புல்லு ஒண்ணு வுடாம புடுங்கிட்டேன். புள்ளையோட சோத்த அதானே துன்னுகினு கீது. காலையில ஒரு கொடம், சாயங்காலம் ஒரு கொடம். மாட்டக்கூட அந்தாண்ட கட்டிட்டேன். இருந்தும் இன்னாவோ வாடிகினு கீது."

நாகலக்ஷ்மி ஒரு குச்சியைத் தொட்டாள். அது பிடிப்பில்லாமல் கையோடு வந்துவிட்டது.

அந்தச் செடிக்குத் தனியாகப் பிழைக்கத் தெரியாது. அதன் வேர் மண்ணுக்குள் புல்லின் வேரைப் பிடித்துக்கொண்டு அதிலிருந்துதான் உறிஞ்சும். புல் போனால் அதுவும் போகும். இதை அவள் சொல்லியிருக்கலாம். ஏரிக்கரைப் புல்லை யாராவது பிடுங்குவார்கள் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

[குறிப்பு: "பார்த்துக்கொள்" என்றால் கண்காணி என்றும் ஆகும், வளர்த்தெடு என்றும் ஆகும். நாகலக்ஷ்மி சொன்னது முதலாவது. ஒத்தப் பிள்ளையை யார் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார்கள்?]

அறிக்கையில் "அழியும் தறுவாயில்" என்று எழுதி வைத்திருந்தாள். இனி அதை அடித்துவிட்டு "அற்றுப்போனது" என்று எழுத வேண்டும்.

4

முடிவு, ஒன்று: "அடுத்த மழையில் செங்கல் இடுக்கில் ஒரு சின்னப் பச்சை—"

இல்லை. விதை முளைக்கவும் புல்வேர் வேண்டுமாம். நண்பரிடம் வெட்கமில்லாமல் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

இரண்டு: நாகலக்ஷ்மி உண்மையைச் சொல்கிறாள். சொல்வதுதான் தர்மம். புல்லை இனியாவது விட்டுவைத்தால் மண்ணில் தப்பிய விதை ஏதாவது... எழுதிப் பார்த்தேன். பொன்னியம்மாள் குடத்தை இறக்கி வைத்தாள். அதற்கு மேல் அவள் முகத்தை என்னால் எழுத முடியவில்லை.

மூன்று: "வெயில்ல போயிடுச்சும்மா. நீங்க நல்லாத்தான் பாத்துக்கிட்டீங்க." இது கருணைதான். ஆனால் நாளைக் காலையிலும் அவள் வந்து புல் பிடுங்குவாள்.

எதை எழுதினாலும் நண்பர் சொன்ன அந்த வரி மாறாது. அன்பாகச் செய்தால் கெடுதல் வராது என்று இத்தனை நாள் எழுதிவிட்டேன். சாயங்காலம் விளக்கேற்றிக் கும்பிட்டபோதும் இதற்குப் பதில் கிடைக்கவில்லை.

5

பொன்னியம்மாள் இடுப்பில் நிறைகுடத்தோடு நிற்கிறாள்.

"ஊத்தட்டுமா டீச்சரம்மா?"

நாகலக்ஷ்மி கையில் குச்சியோடு உங்களைத்தான் பார்க்கிறாள். நீங்கள் சொல்லுங்கள். எதைச் சொன்னாலும் மெதுவாகச் சொல்லுங்கள், குடம் கனமானது.