ஒன்பது கட்டம்

அந்த ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் திட்டம் போட்டுக் கொடுத்தவரை எல்லோரும் சாப்ட்வேர் சார் என்பார்கள். அவருக்கு அது பிடிக்கும். "எந்த மொழியில வேணா பேர் அடிங்க, நம்ம சிஸ்டம் தாங்கும்" என்று நாற்காலியில் சாய்ந்து சொல்லும்போது, உலகத்து எழுத்தையெல்லாம் அவரே உட்கார்ந்து செதுக்கியது போலிருக்கும்.

சொன்னதில் பாதி உண்மை. திரையில் தமிழ் முத்து முத்தாக வந்தது. ஆனால் நோயாளியின் கையில் கட்டும் பட்டையை அச்சடிக்கிற மெஷினுக்குள் தமிழ் எழுத்துரு இல்லை. கம்ப்யூட்டர் எழுத்தை எழுத்தாகவா அனுப்புகிறது? ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்ணைத்தான் அனுப்புகிறது. அந்த எண்ணுக்கு உரிய உருவம் கைவசம் இல்லையென்றால், மெஷின் ஒரு வெற்றுக் கட்டத்தைப் போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ளும். கொம்புக்கு ஒரு கட்டம், காலுக்கு ஒரு கட்டம், புள்ளிக்கும் ஒரு கட்டம். பெற்றவர்கள் பார்த்துப் பார்த்து வைத்த பெயர் குளியலறைச் சுவர் மாதிரி வந்து நின்றது.

எழுத்துருவை ஏற்றிச் சோதித்துப் பார்க்கச் சில நாள் வேலை. மேலிடத்தில் சீக்கிரம் முடித்த நல்ல பெயர் வாங்குவதற்காக அந்தச் சில நாளைத்தான் சார் முதலில் வெட்டினார். நர்சுகள் புகார் சொன்னார்கள். "கீழ நம்பர் இருக்குல்ல? அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்றார்.

அவர்களும் பண்ணிக்கொண்டார்கள். அவ்வளவு நீள நம்பரை நின்று படிக்க யாருக்கு நேரம்? கட்டத்தை எண்ண ஆரம்பித்தார்கள். "ஆறு கட்டத்துக்குக் காய்ச்சல் பாரு", "பன்னிரண்டு கட்டம் வீட்டுக்குப் போகலாம்" என்று வார்டில் குரல் கேட்கும். சார் இதை வீட்டில் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார். அப்பாவும் கூடச் சிரித்ததாக நினைத்துக்கொண்டார். அப்பா பல்செட்டைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

அந்த அப்பாவுக்குத்தான் பித்தப்பையில் கல். அதே ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது. வாழ்நாளெல்லாம் பஸ் கண்டக்டராக இருந்து கத்திய மனிதர், மயக்கம் முழுதும் தெளியாமல் வாயைத் திறந்தபடி படுத்திருந்தார். சார் பக்கத்தில் உட்கார்ந்து, தன் சிஸ்டத்தை எப்படிப் பத்து ஆஸ்பத்திரிக்கு விற்கலாம் என்று போனில் பேசிக்கொண்டிருந்தார்.

நர்ஸ் வந்தாள். பட்டையைப் பார்த்தாள், கையிலிருந்த தாளைப் பார்த்தாள், அப்பாவின் சட்டைக் கையை மேலே சுருட்டினாள்.

சார் போனை இறக்கினார். "என்ன ஊசி?"

"சுகர் ஊசி சார். எப்பவும் போடுறதுதானே."

"அப்பாவுக்குச் சுகரே கிடையாதேம்மா."

"ஒன்பது கட்டம் சார். சரியாத்தான இருக்கு." அவள் தாளைக் காட்டினாள். அதுவும் அதே மெஷினில் அடித்ததுதான். பக்கத்துக் கட்டிலில் ஒரு தாத்தா கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தார். அவர் மணிக்கட்டிலும் ஒன்பது கட்டம்.

சர்க்கரை இல்லாத உடம்பில் அந்த மருந்து ஏறினால் என்ன ஆகும் என்பது சாருக்குத் தெரியும். இன்னும் ஒரு நிமிஷம் போனில் பேசியிருந்தால் அப்பா போயிருப்பார். போட்டது அந்தப் பெண்ணின் கையாக இருந்திருக்கும், கொன்றது இவராக இருந்திருப்பார்.

நர்ஸ் இப்போதுதான் நம்பரைப் படித்தாள். முகம் வெளுத்து, ஊசியை எடுத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தாள். அவளைத் திட்ட சாருக்கு வாய் வரவில்லை. அந்த அளவுக்காவது வெட்கம் மிச்சமிருந்தது.

அதற்குப் பிறகு செய்ததைக் கேளுங்கள். பையிலிருந்து பேனாவை எடுத்தார், அப்பாவின் பட்டையில் கட்டங்களுக்கு மேல் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினார், பேனாவை மூடினார், மறுபடி போனை எடுத்தார். பிரச்சினை தீர்ந்தது. பெரிய மூளை.

அப்பா கண்ணைத் திறந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "அவருக்கு எழுதலையா?" என்றார்.

"அது ஆஸ்பத்திரிக்காரங்க பார்த்துப்பாங்கப்பா. மெஷினையும் அடுத்த மாசம் சரி பண்ணிடலாம். அதுவரைக்கும் அட்ஜஸ்ட்..."

"நானும் ஆயுசு பூரா அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கன்னு சொன்னவன்தான்டா. சில்லறை இல்லன்னு சொன்னேன். நீ பேரே இல்லங்கற." மூச்சு வாங்கியது அவருக்கு. மணிக்கட்டை மகனிடம் நீட்டினார். "எல்லாருக்கும் எழுது. இல்லன்னா இதையும் அழிச்சிட்டுப் போ."

சார் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். நீட்டிய கை இறங்கவில்லை. ஆபரேஷன் ஆன உடம்பு, அப்படியும் இறங்கவில்லை. கடைசியில் சார்தான் போனை அணைத்தார்.

பக்கத்துத் தாத்தாவிடம் போய் நின்றார். "உங்க பேர் என்னங்க?" அவர் வாழ்க்கையில் ஒரு நோயாளியிடம் கேட்ட முதல் கேள்வி அது. கட்டில் கட்டிலாகப் போனார், குனிந்து கேட்டார், நம்பரோடு சரிபார்த்து எழுதினார். மெஷின் செய்யவேண்டிய வேலையை மெஷினை விட மெதுவாகச் செய்தார்.

கடைசிக் கட்டிலில் இருந்த அம்மா கையைக் கொடுத்துவிட்டு, "நல்லா இருப்பீங்க தம்பி" என்றார். "இந்தக் கட்டத்தைப் போட்டவன் யாரோ தெரியல, சோறுதான் திங்கறானா அவன்? நீங்க இங்க என்ன வேலை பாக்கறீங்க?"

சார் கழுத்தில் தொங்கிய அட்டையைச் சட்டைப் பைக்குள் தள்ளினார்.

"பேர் எழுதற வேலைம்மா" என்றார்.