வலது பக்கம் வைத்த தண்ணீர்

அன்று காலை எங்கள் முன்னறையில் இருந்தவர்கள்: அப்பா, அம்மா, நான், அம்மாவின் தம்பியான மாமா, அண்ணன் கட்சியின் வட்டச் செயலாளர், அவருடைய செல்போனை ஏந்தி நின்ற ஒருவன். கீழே ஜீப்பில் போலீஸ்காரர்கள்.

அண்ணன் என்றால் முதலமைச்சர். செயலாளர் அவரைவிட வயதில் மூத்தவர். இருந்தாலும் அண்ணன்தான்.

அண்ணன் நடத்திய இலவசக் கண் முகாமில் சிலருக்குப் பார்வை போய்விட்டது. மாமாவுக்கு வலது கண். "என் பேரப் போட்டே எழுதுங்க அத்தான்" என்று அவர்தான் சொன்னார். பத்திரிகைக்காரரான அப்பா எழுதினார். யாரைப் பற்றி எழுதினாலும் அச்சுக்குப் போகுமுன் அவர்களுக்கே போன் செய்து, முழுவதையும் வாசித்து, பதில் கேட்பார். கட்சி அலுவலகத்துக்கும் வாசித்தார், பெயர்களோடு. செய்தி வந்த காலையிலேயே மாமாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

"பொய்ச் செய்தின்னு புகார் குடுத்தாச்சு சார்," என்றார் செயலாளர். "தப்பா எழுதிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. ஜீப்பு சும்மா திரும்பிடும்."

"நடந்ததத்தான் எழுதினேன். அவனையே கேளுங்க."

மாமா அப்பாவைப் பார்க்கவில்லை. "வீட்டுச் சாவியத் திருப்பிக் கேக்குறாங்கக்கா," என்றார் அம்மாவிடம். "அண்ணன் குடுத்த வீடு. பிள்ளைங்க இப்பத்தான் ஒழுகாத கூரைக்குக் கீழ தூங்குதுங்க."

"அதுக்காகக் கண்ணு போனா போகட்டுமாடா?" என்றாள் அம்மா.

"அதான் இன்னொண்ணு இருக்கே."

அம்மா உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். பழக்கத்தில் தம்பியின் வலக்கைப் பக்கம் வைத்தாள். படம் எடுக்கத் தொடங்கினார்கள். "அண்ணன் புண்ணியத்துல ரெண்டு கண்ணும் நல்லாத் தெரியுது" என்று சொல்லிக்கொண்டே மாமா கையை அசைக்க, புறங்கை பட்டு டம்ளர் உருண்டது. வேட்டி நனைந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தார்.

அப்பா மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பரவால்ல, அத அழிச்சிடு," என்றார் செயலாளர். "மறுபடி எடுக்கலாம். தண்ணி குடிக்கிற மாதிரியே எடு, இயல்பா இருக்கும்."

அம்மா தரையைத் துடைத்தாள். டம்ளரை நிரப்பிக்கொண்டு வந்தாள். இந்த முறை இடது பக்கம் வைத்தாள்.

மாமா பேசினார், எடுத்தார், குடித்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை.

அப்பா டம்ளரைப் பார்த்தார். பிறகு அம்மாவை. அம்மா துடைத்த துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள். அதில் பிழிய ஒன்றுமில்லை.

"நீங்க சொல்றீங்களா சார்?"

"என் சட்டைய எடுத்துட்டு வா," என்றார் அப்பா என்னிடம்.

பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டார். வாசலில் செருப்பைத் தேடியபோது அம்மா கேட்டாள்: "மாத்திரை எடுத்துக்கிட்டீங்களா?"

"ம்."

செயலாளரும் செல்போன்காரனும் முன்னும் பின்னுமாக அவரைக் கீழே கூட்டிப்போனார்கள். மாமா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. காலி டம்ளர் இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

ஜீப் கிளம்பும் சத்தம் கேட்கும்வரை அம்மா வாசலில் நின்றாள். பிறகு உள்ளே வந்து கதவைச் சாத்திப் பூட்டினாள்.