உட்கார்ந்தவளுக்கு ஒரு கோட்

கண் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் அவள் வேலைக்குச் சேர்ந்த ஐந்தாவது மாதம் குளிர் வந்தது. அதுவரை ஒரு குறையும் இல்லை. சக்கர நாற்காலி மேசைக்கு அடியில் அளவெடுத்தது போல நுழைந்தது. யாருக்கு எந்த மருத்துவர், யாருக்குச் சொட்டு மருந்து, யார் வரிசையில் நைசாகப் புகப் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் இரண்டே வாரத்தில் அத்துப்படி. வீட்டில் அவளுக்கு ஜட்ஜ் என்று பேர். அவள் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது என்று அக்காவின் கணவர், அவளுக்கு அத்தான், அடிக்கடி சொல்லுவார்.

மேசை வாசல் கதவுக்கு நேர் எதிரே இருந்தது. கதவு திறக்கும்போதெல்லாம் காற்று உள்ளே வந்து அவள் முழங்காலில் உட்கார்ந்துகொள்ளும். நடக்காத கால்களில் குளிர் சட்டென்று ஏறும், லேசில் இறங்காது. அதனால் அக்கா ஒரு கட்டம் போட்ட போர்வையை அவள் இடுப்பு வரை சுற்றிச் செருகி அனுப்பினாள். மேலே, அக்காவே ஆசையாக வாங்கிக் கொடுத்த நீளமான கருநீலக் கோட்.

வெள்ளிக்கிழமை காலை ஒரு ஃபைலைக் கொடுக்க அவள் கூடத்துக்கு வந்தாள். புதிதாகச் சேர்ந்திருந்த உதவியாளர் போர்வையைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், "இவங்களை யாரு இப்படித் தனியா விட்டது?" என்றபடி பின்னாலிருந்து தள்ளத் தொடங்கிவிட்டார். அவள் சொன்னதைக் காதில் வாங்குவதற்குள் சொட்டு மருந்து வரிசையில் கொண்டுபோய் நிறுத்தியும் ஆயிற்று.

பக்கத்திலிருந்த பெரியவர் பரிவோடு கேட்டார். "உனக்கு எந்தக் கண்ணும்மா?"

"ரெண்டும் நல்லாத் தெரியுதுங்க. அதான் கஷ்டம்."

நர்ஸ் வந்து பார்த்து, "ஐயோ, இவங்க நம்ம ஆளு" என்றதும் வரிசையே சிரித்தது. அவளும் சிரித்து வைத்தாள். மேசைக்குத் திரும்பும்போது காது மடல் சுட்டது.

மத்தியானம் மேலாளர் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான். "உள்ள டெலிபோன் ரூம் இருக்கும்மா. காத்து வராது. குளிர் முடியிற வரைக்கும் அங்க உக்காந்துக்கங்க. போர்வை கீர்வை எல்லாம் வசதியாப் போட்டுக்கலாம். முன்னாடி வேற ஆளைப் போட்டுக்கறேன்."

உள்ளே போனவர்களை யாரும் மறுபடி வெளியே கூப்பிட்டதில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

"திங்கட்கிழமை வரைக்கும் டைம் கொடுங்க சார். அன்னைக்கும் நான் நோயாளி மாதிரி இருந்தா நானே உள்ள போயிடறேன்."

சனிக்கிழமை காலை அவள் தன் அலமாரியையும் அக்காவின் அலமாரியையும் காலிசெய்து கட்டிலில் கொட்டினாள். அக்கா வாசற்படியில் நின்று பார்த்தாள்.

"என்னடி இது, கடை போடப் போறியா?"

"போர்வை வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன்."

"சளி பிடிச்சுப் படுத்தா யாரு பாக்கிறது? எதுக்கெடுத்தாலும் இப்படிப் பிடிவாதம் பிடிச்சா எப்படி?"

"ஒத்தக்கால்ல நிக்கிறேன்னு வச்சுக்கோயேன்" என்றாள் அவள். அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. வந்ததைக் காட்டாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கண்ணாடி முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். கோட்தான் முதல் எதிரி என்று அரைமணி நேரத்தில் புரிந்தது. அது நிற்பவர்களுக்காகத் தைத்தது. உட்கார்ந்தால் முன்பக்கம் வயிற்றில் பானை போல உப்பியது, காலர் காது வரை ஏறியது, கை நுனி சக்கரத்தில் தேய்ந்து கறுத்தது. இத்தனை துணி இருந்தும் கழுத்தில் குளிர் இறங்கியது.

ஆகவே உள்ளிருந்து ஆரம்பித்தாள். உடம்போடு ஒட்டும் மெல்லிய முழுக்கை பனியன். அதற்கு மேல் கடுகு மஞ்சளில் காலர் வைத்த பருத்திச் சட்டை. அதற்கு மேல் கையில்லாத அரக்கு நிற ஸ்வெட்டர். கால்களுக்கு ஒட்டிய லெகிங்ஸ், அதன் மேல் தளர்வான கம்பளி பேன்ட், முழங்கால் வரை இழுத்துவிட்ட காலுறை, பூட்ஸ். ஒன்றின் மேல் ஒன்று போட்டும் உடம்பு பெருக்கவில்லை. ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் சூடு தங்கியது. மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பவர் பார்க்கப்போவது அவள் தோளையும் கழுத்தையும்தான் என்று கணக்குப் போட்டு, மஞ்சள் காலரை ஸ்வெட்டருக்கு வெளியே எடுத்து விட்டாள். முகத்துக்கே ஒரு வெளிச்சம் வந்தது.

பச்சை சால்வையைக் கழுத்தில் சுற்றி இரு முனையையும் தொங்கவிட்டு, வீட்டு நடையில் வெள்ளோட்டம் போனாள். பத்தடி போகவில்லை, ஒரு முனை சக்கரக் கம்பியில் சிக்கிக் கழுத்தை இழுத்தது. மூச்சு முட்டியது. அவள் இருமலைக் கேட்டு ஓடிவந்த அத்தான் நாற்காலியைப் பின்னுக்கு உருட்டி விடுவித்தார்.

"ஜட்ஜுக்கே தூக்கா?" என்றார். ஆனால் நாற்காலியிலிருந்து கையை எடுக்கவில்லை. "வேணாம்மா. அந்தப் போர்வையே பரவாயில்ல."

அவள் கழுத்தைத் தடவிக்கொண்டாள். "முனை தொங்கினதுதான் தப்பு. சால்வை மேல தப்பில்ல." அங்கேயே சால்வையை முக்கோணமாக மடித்து, முனைகளைப் பிடரிக்குப் பின்னால் கொண்டுபோய் முடிந்து, ஸ்வெட்டருக்குள் செருகினாள். திரும்ப நடை முழுக்க இருமுறை போய்வந்தாள். அத்தான் பின்னாலேயே நடந்தார்.

மிச்சம் இருந்தது கோட். ஞாயிற்றுக்கிழமை மதியம் அதை மடியில் விரித்து, இடுப்பளவில் சாக்பீஸால் கோடு போட்டாள்.

அக்கா பார்த்துவிட்டாள். "அதை வெட்டினே, என்கிட்டப் பேசாத. எவ்வளவு ஆசையா எடுத்தேன் தெரியுமா?"

"தெரியும். அதனாலதான் தூக்கிப் போடாம வெட்டறேன். இதை நான் போடணும்க்கா."

அக்கா விருட்டென்று வெளியே போனாள். கத்தரிக்கோல் துணியில் இறங்கியது. இடுப்புக்குக் கீழே முழுதும் போயிற்று. கைகளில் நாலு விரல் அகலம் போயிற்று. அங்கே மஞ்சள் சட்டையின் நுனியைக் கோட்டின் மேல் மடித்துவிட்டால், சக்கர அழுக்கு சட்டையோடு போகும்; சட்டையைத் தினமும் துவைத்துக்கொள்ளலாம். ஓரத்தை அவளே மடித்துத் தைத்தாள். தையல் பாம்பு போல நெளிந்தது. இரவுச் சாப்பாட்டில் அக்கா அத்தானிடம், "குழம்பு வேணுமான்னு அவளைக் கேளுங்க" என்றாள்.

திங்கட்கிழமை அவள் ஏழரைக்கே மேசையில் இருந்தாள். கதவு திறந்தது, காற்று வந்தது. விரல் நுனி சில்லிட்டது; உடம்பு தாங்கியது. புதிய உதவியாளர் வந்து, "அன்னைக்குத் தப்பா நினைச்சுக்காதீங்க மேடம்" என்று சங்கடத்தோடு சொல்லிவிட்டு, மூன்றாம் நம்பர் அறை எந்தப் பக்கம் என்று கேட்டார். சொன்னாள். ஒரு பெண் சீட்டைக் கொடுத்துவிட்டு நகராமல் நின்றாள். "இந்த ஜாக்கெட் எங்க வாங்கினீங்க?"

"எங்க அக்கா வாங்கினது. மிச்சத்தை நான் பண்ணினேன்."

பதினோரு மணிக்கு மேலாளர் கூடத்தைச் சுற்றி வந்தார். மேசை முன்னால் ஒரு கணம் நின்றார். "குளிரலையே?"

"கொஞ்சம் குளிருது சார். உள்ள போற அளவுக்கு இல்ல."

அவர் தலையசைத்துவிட்டு நடந்தார். டெலிபோன் அறைப் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

வீட்டில் அக்காவின் மௌனம் புதன்கிழமை வரை நீடித்தது. அன்று சாயங்காலம் அவள் உள்ளே நுழையும்போதே அக்கா கோட்டின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள்.

"இதென்ன தையலா? பாக்கவே சகிக்கல. கழட்டிக் கொடு, பிரிச்சுத் தைக்கணும்."

"ஞாயித்துக்கிழமை தர்றேன்" என்றாள் ஜட்ஜ். "நாளைக்கு எனக்கு இது வேணும்."