சிலுவையம்மாளின் கைகள்

சிலுவையம்மாள் தினமும் காலை எட்டரைக்கு வந்து என் முன்னால் இரண்டு கைகளையும் விரிப்பாள். ராயபுரத்தில் ஒரு டாக்டரிடம் நான் கம்பவுண்டர். மருந்து கலக்குவதும் ஊசியைக் கொதிக்க வைப்பதும்தான் என் வேலை. அடுத்தவர் கையை முகர்ந்து பார்ப்பதற்கு எனக்குச் சம்பளம் கிடையாது.

"கம்பண்டரே, இன்னும் நாத்தம் போவல. மோந்து பாரு. கொஞ்சம் ஊத்து."

நாற்றமே இல்லை. வெறும் ஸ்பிரிட் வாசனைதான். தோல் வெளுத்து, விரலிடுக்கெல்லாம் வெடித்துக் கிடக்கும். அதன்மேல் நாலு சொட்டு விட்டால் உயிர் போகிற மாதிரி எரியும். அவள் முகம் சுளித்ததே இல்லை. ஏழு மாதமாக இப்படி. போகப்போக எனக்கும் அந்த நாற்றம் அடிக்க ஆரம்பித்தது. சோற்றைப் பிசைந்தால் அடித்தது. சர்ச்சில் ஜெபப் புத்தகத்தைப் பிரித்தால் அடித்தது.

நடந்தது இதுதான். அந்தக் கோடையில் குழாயில் நாலு நாளாகத் தண்ணீர் வரவில்லை. அவளுடைய மூத்தவள் ஃப்ளோரன்ஸுக்கு வாந்திபேதி.

"பெரியத கழுவிட்டு, அதே கையால சின்னதுக்கு சோறு ஊட்டணும். குடிக்கவே தண்ணி இல்ல, கைக்கு எங்க போவேன்?" என்று அழுதாள்.

பெரிய மேதாவி நான். ஒரு குப்பியில் ஸ்பிரிட் ஊற்றிக் கொடுத்தேன். "தண்ணியே வேண்டாம்மா. நாலு சொட்டு விட்டுத் தேய்ச்சா ஒரு கிருமி நிக்காது," என்றேன். மதுவிலக்குக் காலம். ஸ்பிரிட்டுக்கு பெர்மிட் வேண்டும். டாக்டருக்குத் தெரியாமல்தான் கொடுத்தேன்.

கூலிக்கு இறால் உரித்த கை, பேதி துடைத்த கை. அந்த அழுக்கின் மேலேயே விட்டுத் தேய்த்திருக்கிறாள், நான் சொன்னபடியே. மூத்தவள் பிழைத்துக்கொண்டாள். பத்து மாதக் கைக்குழந்தை வாந்திபேதியில் போய்விட்டது.

யாருக்கோ கேட்பதுபோல் டாக்டரிடம் கேட்டேன். "அழுக்குக் கையில ஸ்பிரிட் என்னய்யா பண்ணும்? மேலாகக் காய்ஞ்சு போயிடும். முதல்ல சோப்பும் தண்ணியும் போட்டு அழுக்கு போகணும்," என்றார்.

கல்லறையில் அவள் புருஷன் ஹென்றி, துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன், எல்லோர் முன்னாலும் கத்தினான். "இவ கலீஜ் கைதான் என் கொயந்தைய கொன்னுச்சு!" நான் மூன்றடி தள்ளி, கைப்பிடி மண்ணோடு நின்றேன். வாயைத் திறந்தால் வேலை போய்விடும். திறக்கவில்லை. கோழைப்பயல்.

அன்றிலிருந்து ஹென்றி அவள் கைபட்ட எதையும் தின்பதில்லை. டோல்கேட் பக்கம் ஹோட்டலில் சாப்பாடு. ஃப்ளோரன்ஸுக்கும் அவன் தங்கைதான் ஊட்டுகிறாள். தான் போடும் சோற்றை அவன் ஒரு வேளையாவது சாப்பிட்டால் போதும் என்பதுதான் சிலுவையம்மாளின் ஒரே ஆசை. அதற்குத்தான் தினமும் என்னிடம் கையை நீட்டினாள்.

மார்கழி மாதம் ஒருநாள், காய்கறி விலை கேட்பதுபோல் கேட்டாள்: "வெரலை வெட்டிட்டா போயிடுமா, கம்பண்டரே?"

அப்போதுதான் வாயைத் திறந்தேன். ஒன்றுவிடாமல் சொன்னேன். குற்றம் என் புத்தியில், உன் கையில் இல்லை என்றேன்.

"எனக்கு சொல்லி இன்னா? வூட்டாண்ட வந்து அவராண்ட சொல்லு."

அன்று மத்தியானமே போனேன். ஹென்றி கேட்டான். என்னை அடிக்கக் கை ஓங்கினான். ஓங்கிய கை தானாக இறங்கியது. பிறகு அவனே தட்டை எடுத்துத் தரையில் வைத்தான்.

"சோறு போடு, சிலுவ," என்றான்.

அவள் ஓடிப்போய்ச் சட்டியைக் கொண்டுவந்தாள். ஒரு கை சோறு அள்ளினாள். தட்டுக்கு மேலே வந்ததும் அந்தக் கை நின்றுவிட்டது. சோற்றைச் சட்டியிலேயே போட்டுவிட்டு, கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"கம்பண்டரு நல்ல மன்சன்," என்றாள் ஹென்றியிடம். "நான் கஸ்டப்படறத பாத்து எனக்கோசரம் பொய் சொல்லிகினு கீறாரு. நீ இத்தை துன்னாத."

"சத்தியமா பொய் இல்லம்மா," என்று கத்தினேன்.

ஹென்றி என்னை ஏற இறங்கப் பார்த்தான். அவள் சொன்னதைத்தான் நம்பினான். தட்டை ஒதுக்கிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு ஹோட்டலுக்குக் கிளம்பினான்.