தாலிக்கொடியில் ஊக்கு

மேடைக்குப் பக்கத்து அறையில் பிரத்யுஷா மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். செருப்பைக் கழற்றக் குனிந்தபோது ரவிக்கையின் முதுகுப்பக்கக் கொக்கி ஒன்று பட்டென்று தெறித்தது. நிமிர்ந்ததும் இன்னொன்று. மிச்சம் இரண்டுதான்.

கோவை அவினாசி ரோட்டு ஓட்டலில் மாதர் சங்க ஆண்டுவிழா. குத்துவிளக்கேற்றப் போவது சங்கத் தலைவி அம்புஜத்தின் புது மருமகளான அவள். கணபதிப் பகுதியில் லேத் பட்டறை வைத்திருப்பவரின் மகள் மில்காரர் வீட்டுக்கு ஏற்றவள்தானா என்று பார்ப்பதற்காகவே முன்வரிசை நிரம்பியிருந்தது.

காலையில் அம்புஜம் அவளைத் தலை முதல் கால் வரை பார்த்தார். கல் அட்டிகையைக் கழற்றச் சொன்னார். "காதுல வைரம் இருக்குதில்ல, கழுத்துக்கு முத்துச் சரம் போதும் அம்மணி. ரெண்டும் மின்னுனா மூஞ்சிய யாரு பாப்பாங்க?"

பிறகு தாலிக்கொடியில் தொங்கிய ஊக்குகள் கண்ணில் பட்டுவிட்டன. "இதென்ன, பொட்டிக்கடை வெச்சிருக்கறயா? நம்மூட்டுப் பொம்பளைங்க இதெல்லாம் மாட்டறதில்ல." தன் கையாலேயே அத்தனையையும் கழற்றி இழுப்பறைக்குள் போட்டு மூடினார்.

இப்போது அவற்றில் ஒன்று இருந்தால் போதும். முந்தானையைப் போர்த்திக்கொள்ள வழியில்லை. அழகு நிலையத்துப் பெண் மடிப்பைத் தோளோடு சேர்த்துத் தைத்திருந்தாள். விளக்குக்குக் கையை நீட்டினால் மற்ற கொக்கிகளும் போய்விடும். சபையே சிரிக்கும். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் அத்தையின் உதட்டோரம் லேசாகக் கீழே இறங்குமே! அதற்கப்புறம் எந்தச் சபைக்கும் அழைத்துப் போக மாட்டார். பெருமாளே, ஒரே ஒரு ஊக்கு.

கதவு திறந்தது. அம்புஜமேதான்.

"கூப்பிடறாங்க, வா." பிரத்யுஷா நகரவில்லை. "ஏன் செவுத்துல பல்லி மாதிரி ஒட்டிட்டு நிக்கற?"

"அத்தை... பின்னாடி..." கண்ணீர் முந்திக்கொண்டது.

"அழுகாத, மை கரையும். திரும்பு."

திரும்பினாள். பின்னால் பட்டு சரசரத்தது. எதிர்ச் சுவர்க் கண்ணாடியில் பயந்து பயந்து பார்த்தாள். அம்புஜம் தன் சேலைக்குள்ளிருந்து கெட்டித் தாலிக்கொடியை வெளியே இழுத்தார். அதில் மூன்று ஊக்குகள் தொங்கின. ஒன்று பழையது, கறுத்துப் போயிருந்தது.

"என்ன பாக்கற? ஆடாம நில்லு கண்ணு, குத்திரப் போவுது."

சில்லென்ற விரல்கள் முதுகில் வேலை செய்தன. "தாங்கும். எதுக்கும் நான் பின்னாடியே வாரேன்."

அவள் முதுகில் கையை வைத்தபடியே அம்புஜம் மேடை ஏறினார்.

"மருமக மேல பாசத்தப் பாருங்க!" முன்வரிசையில் யாரோ சொன்னார்கள்.

பிரத்யுஷா விளக்குக்குக் கையை நீட்டினாள். ஊக்கு தாங்கியது. முதல் திரி பற்றியது. மற்ற நான்கும் பற்றின. கைதட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள். மேடையை விட்டு இறங்கி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாயிற்று. இனி முதுகை யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்த அத்தையின் கை இப்போது அவள் கைமேல் வந்து அப்படியே இருந்தது.

பெருமாளிடம் அவள் கேட்டது ஒரு ஊக்குத்தான்.