கீச்சுக்குரல்

சட்டையின் காலரைத் திருப்பிப் போட்டு இஸ்திரிப் பெட்டியை அழுத்தும்போதுதான், வெண்டியின் கார் வாசலில் வந்து நிற்பது மார்லீனுக்கு ஜன்னல் வழியாகத் தெரிந்தது. நேற்று விடிகாலையில் டெஸ் போய்விட்டான். நாற்பது வருடம் கூடவே வாழ்ந்த புருஷன். உடுத்தி அனுப்பத் துணி வேண்டும், கழுத்துத் துளையை மறைக்கிற மாதிரி உயரமான காலராக இருந்தால் நல்லது என்று சவ அடக்கக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். இந்த நேரம் பார்த்து இவள் வந்து நிற்கிறாள்.

"ரோவேனா, அந்தப் பொம்பள வந்திருக்கா. நான் தூங்கறேன்னு சொல்லிடு."

மெல்பர்னிலிருந்து இரவு கப்பலில் வந்து இறங்கிய மகள், காதில் போனை வைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள். "எந்தப் பொம்பள? வெண்டியா? அம்மா, நீ இஸ்திரி போடறது ரோட்டுல போறவங்களுக்கே தெரியுது. நான் பொய் சொன்னா அசிங்கமாயிடும்." சொல்லிவிட்டுப் போனோடு உள்ளே போய்விட்டாள்.

வெண்டி பின்வாசல் வழியாகவே வந்தாள். முன்வாசலில் மணி அடித்து வருவது வெளியாட்கள் வேலை என்பது அவள் எண்ணம் போலிருக்கிறது. ஒரு கையில் சிப்பிக்கறி அடைத்துச் சுட்ட பலகாரம், தட்டோடு துணி மூடி, மறு கை இடுக்கில் டெஸ்ஸின் லேப்டாப். அதைப் பார்த்ததும் மார்லீன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். கையில் இருந்தால் எறிந்துவிடுவோமோ என்று அவளுக்கே பயம்.

டெஸ் மாட்டுச் சந்தையில் ஏலம் கூறியவன். மேடையில் ஏறி வாயைத் திறந்தால் மூச்சு விடாமல் கொட்டுவான். பர்னியிலிருந்து ஸ்மித்தன் வரை அவன் தொண்டையைத் தெரியாத பண்ணைக்காரன் கிடையாது. வீட்டிலும் அப்படித்தான். சாப்பாட்டு மேசையில் அவன் பேசுவான், மார்லீன் தலையாட்டுவாள். சந்தை ஒலிபெருக்கிகளுக்கு நடுவில் நின்று நின்று காதும் பாதி போயிற்று. மெல்லிய சத்தம் எதுவும் ஏறாது. டீவியைக்கூட எழுத்தைப் படித்துத்தான் பார்ப்பான். அப்புறம் புற்று வந்து தொண்டையையும் எடுத்துக்கொண்டது. மூச்சு விடக் கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள்.

முதலில் சிலேட்டில் எழுதிக் காட்டினான். பிறகு நூலகத்தில் வயதானவர்களுக்கு கம்ப்யூட்டர் நிரல் சொல்லித்தருகிறார்கள் என்று வியாழக்கிழமைகளில் போக ஆரம்பித்தான். கலர் கலராகக் கட்டைகளை இழுத்து ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்ட வேண்டும், அவ்வளவுதான். தட்டச்சு செய்ததை அது வாய்விட்டுப் படிக்கும். படிக்கிற குரலையும் நாமே தேர்ந்தெடுக்கலாம். பெண் குரல், ஆண் குரல், ராட்சசக் குரல், எலி மாதிரிக் கீச்சுக்குரல். பக்கத்து நாற்காலி வெண்டிக்கு. புருஷனைப் பறிகொடுத்தவள், உதட்டுச்சாயம் போடாமல் தபால்பெட்டி வரைகூடப் போகமாட்டாள். ஒருநாள் அவனைக் கூட்டிவரப் போன மார்லீன், கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தாள். டெஸ் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தான். சத்தமில்லாத சிரிப்பு. அந்தச் சிரிப்பை வீட்டில் அவள் பார்த்ததே இல்லை. குழாயைக் கழுவுவதும் சளியைத் துடைப்பதும் எனக்கு, சிரிப்பு அவளுக்கா என்று அன்றைக்குப் பிடித்த காய்ச்சல் இன்னும் இறங்கவில்லை.

அதற்கப்புறம் ஒருநாள் தன் வேலையைக் காட்ட மார்லீனை உட்காரவைத்தான். திரையில் அவனே வரைந்த கோணல்மாணலான மாட்டுச் சந்தை. அதில் தெரிந்தவர்களின் உருவங்கள், வீட்டு நாய்கூட. வெண்டியின் உருவத்தைத் தொட்டான். கம்பீரமான ஆண் குரல் வந்தது: "வெண்டி, ரொம்ப நன்றி. நீ இல்லேன்னா இது எனக்கு வந்திருக்காது." நாயைத் தொட்டான். கீச்சுக்குரல்: "கட்டில விட்டு எறங்குடா கழுதை!" பிறகு மார்லீனைத் தொட்டான். அதே கீச்சுக்குரல்: "மார்லி, நாப்பது வருஷமா..."

மேலே கேட்க அவள் உட்கார்ந்திருக்கவில்லை. துணிக்கொடிக்குப் போய், காயாத துணிகளையெல்லாம் உருவ ஆரம்பித்தாள். பின்னாலேயே வந்த டெஸ், ஏன் கோபம் என்று சிலேட்டில் எழுதி நீட்டினான்.

"உங்க நாய்கிட்டப் போய்க் கேளுங்க. இந்தப் பொட்டி இனிமே இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது."

அவன் நாயைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், ஒன்றும் விளங்காமல் போய்விட்டான். லேப்டாப் வெண்டி வீட்டுக்குக் குடிபோனது. அதற்கும் மார்லீன்தான் எரிந்தாள். அன்றிலிருந்து குழாயைக் கழுவும்போதும் சரி, தலையணையைச் சரிசெய்யும்போதும் சரி, வேண்டிய வார்த்தைக்கு மேல் ஒரு வார்த்தை அவனிடம் பேசவில்லை. கடைசி வரைக்கும்.

"இது இங்கதான் இருக்கணும்" என்று வெண்டி லேப்டாப்பை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "சடங்குல இதைப் போடலாமான்னு உங்களைக் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

"எதை? உங்களுக்கு நன்றி சொன்னாரே, அதையா? தாராளமாப் போடுங்க. ஊரே கேக்கட்டும்."

"அது இல்ல மார்லீன். உங்களுக்குச் சொன்னது."

"எனக்கு வெச்சது நாய்க் குரல். அதையும் ஊர் கேட்டுச் சிரிக்கணுமா?"

வெண்டி தட்டை மூடிய துணியின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தாள். "அது வேணும்னு வெச்ச குரல் இல்ல. தப்பு. நாய்க்குக் கட்டினதை அப்படியே நகல் எடுத்து உங்க படத்துல போட்டுட்டார். வார்த்தைய மாத்தினார், குரலை மாத்த மறந்துட்டார். வகுப்புல எல்லாருமே செஞ்சதுதான். என்னோட கேக் செய்முறைய ராட்சசன் படிச்சான், தெரியுமா?"

"நாயோடதையா நகல் எடுத்தார்?"

"கடைசியாக் கட்டினது அதுதான். கை சோம்பல்."

"அவர் காதுலயே விழுந்திருக்குமே!"

"அந்தக் கீச்சு அவர் காதுக்கு எட்டாது. எழுத்து ஓடறதைத்தான் பார்ப்பார்."

மார்லீன் நாற்காலியில் உட்கார்ந்தாள். எட்டாதுதான். அடுப்பில் கெட்டில் விசிலடித்துக் கரிந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறவன். நாற்பது வருடம் அறிந்த விஷயம், கோபத்தில் மறந்து போயிருக்கிறது. பிறகுதான் இன்னொன்று உறைத்தது.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அடுத்த வியாழக்கிழமையே. உங்களுக்கு ஏன் பிடிக்கலைன்னு எழுதிக் கேட்டார். போட்டுப் பார்த்தேன்."

"அப்ப ஏன் அவர்கிட்டச் சொல்லல?"

உதட்டுச்சாயம் இல்லாத வெண்டியின் வாய் ஒருமுறை திறந்து மூடிக்கொண்டது. உள்ளறையில் ரோவேனா யாரிடமோ பூ விலை பேசுவது கேட்டது. வெண்டியின் கழுத்து மெல்லச் சிவந்து, அந்தச் சிவப்பு காது வரை ஏறியது. அதற்குள் என்ன இருக்கிறதென்று மார்லீனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அத்தனை நாளும் தான் வயிற்றில் கட்டி வைத்திருந்த அதே நெருப்புத்தான் எதிரே உட்கார்ந்திருந்தது. இவளுக்கு எதற்கு? நன்றியும் சிரிப்பும் கிடைத்தவளுக்கு?

"போடுங்க" என்றாள்.

வெண்டி திறந்து, கோணல் சந்தையில் மார்லீனின் உருவத்தைத் தொட்டாள். எலி பேசியது.

"மார்லி, நாப்பது வருஷமா நான் மட்டும்தான் பேசினேன். உன்னைப் பேசவே விடல. இப்ப உன் முறை. நீ பேசு, நான் கேக்கறேன். காது பாதிதான். பரவால்ல, சத்தமாப் பேசு."

அவ்வளவுதான். சந்தை திரும்ப அமைதியானது. மார்லீன் திரையைப் பார்த்தபடியே இருந்தாள். பேச வேண்டிய மாதங்களையெல்லாம் வாயை இறுக்கி மூடிக் கழித்தது அவள்தான்; அதற்கு யாரைத் திட்டுவது என்று தேடினாள். எதிரே ஒருத்தி இருந்தாள். திட்டத்தான் வாயெடுத்தாள், வரவில்லை.

"ஆம்பளைக் குரலுக்கு மாத்திடறேன். ஒரு நிமிஷ வேலை" என்று வெண்டி விரலை நீட்டினாள்.

"கைய எடுங்க. அவர் செஞ்சது அப்படியே இருக்கட்டும். அதை ஊருக்கும் போட வேணாம். எனக்குச் சொன்னது."

வெண்டி தலையாட்டிவிட்டு எழுந்தாள். அப்போது ரோவேனா போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு வந்து நின்றாள். "அம்மா, சடங்கு நடத்தறவர் கேக்கறார், குடும்பத்துல யார் பேசறாங்கன்னு. சித்தப்பா பேரைக் கொடுத்துடவா? உனக்குத்தான் நாலு பேர் முன்னாடி வாயே வராதே."

"நான் பேசறேன்னு சொல்லு."

"நீயா?"

"நான்தான். ஒலிபெருக்கி நல்லாக் கேக்கறதா இருக்கணும்னும் சொல்லு."

ரோவேனா அம்மாவையும் வெண்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனைக் காதில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். வெண்டி பின்கதவின் பிடியில் கை வைத்திருந்தாள்.

"நீங்க எங்க போறீங்க? உக்காருங்க. கேட்டுட்டு, எங்க சரியில்லைன்னு சொல்லுங்க. இந்தத் தடவையாவது சொல்லுங்க."

வெண்டி திரும்ப வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். மார்லீன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். "டெஸ்" என்று தொடங்கினாள். பழக்கமில்லாத தொண்டையில் அது காற்றாகத்தான் வந்தது.

"கேக்கல" என்றாள் வெண்டி.