கழுத்தில் மைக் இல்லாத நாள்

அம்மா மைக்கைப் படுத்த படுக்கையாய்க் கிடந்த அப்பாவின் சட்டையில் மாட்டப் பார்த்தாள். கிளிப் இரண்டு முறை நழுவியது. மகளே வாங்கி மாட்டிவிட்டாள். காலையில் அப்பாதான் சைகையில் அதைக் கேட்டிருந்தார்.

மகளுக்குப் பிறவியிலேயே காது மந்தம். ரேடியோ மெக்கானிக்கான அப்பா, பேசுகிறவருக்கு ஒரு எஃப்.எம். மைக், மகளின் இடுப்பில் ஒரு ரிசீவர் என்று செய்துகொடுத்திருந்தார். ரிசீவருக்குள் இருந்தது பேஸ் லாக் லூப் என்கிற சர்க்யூட். அது என்ன என்று அவள் ஒருமுறை கேட்டபோதுதான் அவர் ஆயுளிலேயே நீளமாகப் பேசினார். "மைக்லேருந்து வர்ற அலை ஏறி எறங்கிக்கிட்டே இருக்கும். உள்ள இருக்கிற அலை அது பின்னாடியே ஓடும். விடாம ஒட்டிக்கிட்டு ஓட அது படுற பாடு இருக்கு பாரு, அதான் உனக்குப் பேச்சா கேக்குது."

மற்றபடி வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். மைக் எப்போதும் அம்மாவின் கழுத்தில்தான் தொங்கும். இன்றாவது ஒரு வார்த்தை சொல்வார் என்று மகள் காத்திருந்தாள்.

மூச்சுதான் கேட்டது. பதினொரு மணிக்கு அதுவும் நின்றது.

மைக் அணைந்தால் காதில் உஸ்ஸென்று இரைச்சல் கிளம்பும். அது கிளம்பவில்லை. அலை வந்துகொண்டுதான் இருந்தது, அதில் பேச்சு இல்லை, அவ்வளவுதான். மைக்கைக் கழற்ற வந்த சித்தப்பாவைத் தடுத்து, அம்மா பார்க்காதபோது அதன்மேல் போர்வையை இழுத்துவிட்டாள். பேட்டரி சாயங்காலம்வரை தாங்கும். அதுவரைக்கும் அந்த அமைதியை யாருக்கும் விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை.

அம்மா அழவில்லை. பம்பரமாய்ச் சுழன்றாள். நாற்காலி போடச் சொன்னாள், யார் யாருக்குச் சொல்லியாயிற்று என்று அதட்டினாள். மகளுக்குக் கோபம்கூட வந்தது.

மதியம் கூட்டம் வாசலுக்கு நகர்ந்தது. மகள் சமையலறையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். காதுக்குள் போர்வை உரசியது. பிறகு அம்மாவின் குரல், அவள் கேட்டேயிராத அளவுக்குச் சன்னமாக.

"முப்பது வருஷமா இந்தக் கழுத்துல மைக். புள்ள கேட்டுக்கிட்டு இருக்கும்னு உங்ககிட்ட மெதுவா ஒண்ணு சொன்னதில்ல. இன்னிக்குத்தான் கழுத்து காலியா இருக்கு. கேக்குறீங்களா?"

அம்மா மூச்சை இழுத்துக்கொண்டாள். அடுத்த வார்த்தை வருவதற்குள் மகளின் ஈரக்கை இடுப்புக்குப் போய் ரிசீவரின் சுவிட்சை அணைத்தது.

குழாயிலிருந்து தண்ணீர் சத்தமில்லாமல் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் அடுத்த டம்ளரை எடுத்தாள்.